ஒரே ஹார்ட் டிஸ்க், இரண்டு கடைகள்: மென்பொருள்களைக் கையோடு கொண்டுசெல்வது குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு எழுதவும் பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்யவும் வருவோரை நம்பி நடக்கும் டிடிபி மையம் ஒன்றை அண்ணனும், அதன் கிளையைப் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் தம்பியும் நடத்தி வருகிறார்கள். மனு எழுத்து அன்றாட வருமானம்; ஆனால் இரு கடைகளுக்கும் பெரிய வருமானம் திருமண அழைப்பிதழில்தான். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் ஒரே முகூர்த்தத்தில் பல திருமணங்கள் நடப்பது வழக்கம் என்பதால், ஆவணி, தை, வைகாசி மாதங்களில் கடலூர்க் கடையில் தொடங்கிய வடிவமைப்பைப் புதுச்சேரியில் முடித்துக் கொடுக்க வேண்டிய நிலை அடிக்கடி வரும்.

அண்ணனின் மடிக்கணினியில் இருந்தது 128 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம். விண்டோஸ், அதன் புதுப்பிப்புகள், நான்கைந்து வடிவமைப்பு மென்பொருள்கள், ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள், பழைய வேலைகள் எல்லாம் சேர்ந்து சி டிரைவ் நிரம்பி, சிவப்புக் கோடு தெரியத் தொடங்கியது. அப்போது அவர்கள் எடுத்த முடிவு கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, மென்பொருள்களை எல்லாம் அதற்கு மாற்றிவிட்டால் மடிக்கணினியில் இடமும் கிடைக்கும், அந்த டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினால் அரியாங்குப்பத்தில் செருகி அதே வேலையைத் தொடரவும் முடியும் என்பது அவர்கள் கணக்கு. இடப் பற்றாக்குறையைத் தீர்ப்பதும் மென்பொருளை இடம் பெயர்த்து ஓட்டுவதும் வெவ்வேறு சிக்கல்கள். இரண்டையும் ஒரே பெட்டியால் தீர்க்க முனைந்ததிலிருந்துதான் பின்னால் வந்த தொல்லைகள் அனைத்தும் கிளைத்தன.

அவர்கள் இரண்டு வழிகளில் மாற்றியிருந்தார்கள். சில மென்பொருள்களை நீக்கிவிட்டு, மறுபடி நிறுவும்போது இடத்தை எக்ஸ்டர்னல் டிஸ்க் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். நிறுவு கோப்பு கைவசம் இல்லாத மற்றவற்றை, சி டிரைவில் உள்ள புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்கள். முதல் வகை கடலூரில் ஓடியது, ஆனால் ஆமை வேகத்தில். புதுச்சேரியில் பெரும்பாலும் திறக்கவே இல்லை. இரண்டாம் வகையில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை இரு ஊர்களிலும் பிழைச்செய்தி காட்டி நின்றன. திறந்தவற்றிலும் ஒரு தொல்லை இருந்தது. கடலூரில் செய்த அழைப்பிதழைப் புதுச்சேரியில் திறந்த தம்பி அண்ணனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னது இதுதான்: “அண்ணே, எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா தெரியுது.”

இந்தக் கட்டத்தில்தான் டிஸ்க் பழுதா என்று பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தார்கள். டிஸ்க்கில் பழுது எதுவும் இல்லை.

கோப்புறைக்கு வெளியே இருக்கும் மென்பொருள்

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தன் பெயரில் இருக்கும் கோப்புறைதான் மென்பொருள் என்று நினைப்பது இயல்பு. விண்டோஸில் நிறுவப்படும் பெரிய மென்பொருள்களில் அந்தக் கோப்புறை ஒரு பகுதி மட்டுமே. நிறுவும்போது அது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் தன் இருப்பிடம், பதிப்பு, எந்த வகைக் கோப்பைத் தான் திறக்க வேண்டும் என்பன போன்ற நூற்றுக்கணக்கான குறிப்புகளை எழுதுகிறது. ரெஜிஸ்ட்ரி 1992இல் விண்டோஸ் 3.1இல் சிறிய அளவில் வந்து, விண்டோஸ் 95இலிருந்து மென்பொருள்களின் பொதுப் பதிவேடாக நிலைத்தது. அதற்கு முன் பல மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளைத் தங்கள் கோப்புறையிலேயே ஒரு சிறிய ஐ.என்.ஐ. கோப்பில் வைத்திருந்தன. அக்காலத்து மென்பொருள் சிலவற்றை இன்றும் நகலெடுத்து ஓட்ட முடிவதற்கும், வெட்டி ஒட்டியவற்றில் ஒன்றிரண்டு மட்டும் தப்பியதற்கும் காரணம் இதுவே.

ரெஜிஸ்ட்ரி தவிர, பயனரின் விருப்ப அமைப்புகள் ஆப்டேட்டா என்ற கோப்புறையிலும், எல்லாப் பயனருக்கும் பொதுவானவை புரோகிராம்டேட்டா என்ற கோப்புறையிலும் சேர்கின்றன. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பு போன்ற, பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் டி.எல்.எல். எனும் நிரல் கோப்புகள் விண்டோஸின் சொந்தக் கோப்புறையில் அமர்கின்றன. உரிமம் கணினியின் வன்பொருள் அடையாளத்தோடு பிணைக்கப்படுகிறது. இவை அனைத்தும் சி டிரைவில் இருப்பவை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து நிறுவினாலும் இவை அங்கேதான் தங்கும். ஆகவே கடலூரில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நிறுவிய மென்பொருள் கடலூர்க் கணினிக்கு மட்டுமே அறிமுகமானது. அரியாங்குப்பத்துக் கணினியில் அதைச் செருகியபோது, எம்.எஸ்.வி.சி.பி.140 என்ற டி.எல்.எல். இல்லை என்று ஒன்றும், உரிமம் இல்லை என்று மற்றொன்றும் மறுத்ததில் வியப்பில்லை. நாற்றைப் பிடுங்கி நடலாம். காய்த்துக்கொண்டிருக்கும் பண்ருட்டிப் பலாவை அப்படி நட முடியாது.

சில மென்பொருள்கள் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாதவை. அடோபி, ஃபோட்டோஷாப்பைப் பென்டிரைவ் போன்ற நீக்கத்தக்க ஃபிளாஷ் சேமிப்பகங்களில் நிறுவ முடியாது என்று பல பதிப்புகளின் தேவைப்பட்டியலிலேயே எழுதிவைத்திருக்கிறது. இப்போது வழக்கில் உள்ள கிளிக்-டு-ரன் முறையில் வரும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், எந்த டிரைவில் நிறுவ வேண்டும் என்று கேட்பதே இல்லை. விண்டோஸ் இருக்கும் டிரைவில்தான் அமரும். ஆஃபீஸின் கோப்புறையை வெட்டி ஒட்டிப் பார்த்த பொழுது முழுவதும் அண்ணனுக்கு வீண்.

தாமதத்தின் கணக்கு

கடலூரில் மட்டும் ஓடினால் போதும் என்று வைத்துக்கொண்டாலும், ஆமை வேகத்துக்கு என்ன காரணம் என்பது தனிக் கேள்வி. டிஸ்க்கின் அட்டையில் யூ.எஸ்.பி. 3.0 என்றும், விநாடிக்கு 5 ஜிகாபிட் என்றும் அச்சிட்டிருந்ததைக் காட்டி, “இவ்வளவு வேகம்னு போட்டிருக்கே சார்” என்று அண்ணன் கேட்டார். அந்த எண் கேபிளின் வேகம். உள்ளே சுழலும் தட்டின் வேகம் அன்று.

இவ்வகைச் சிறிய டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுகள் சுழல்பவை. ஒரு முழுச் சுற்றுக்கு 11 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். தேவையான இடம் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. முனை உரிய தடத்துக்கு நகர ஏறத்தாழ 12 மில்லி விநாடி. ஆக ஒரு துண்டுத் தகவலைத் தேடி எடுக்க ஏறக்குறைய 17 மில்லி விநாடி. விநாடிக்கு 60 துண்டுகள்கூடத் தேறாது. ஒரு திரைப்படத்தை நகலெடுக்கும்போது தகவல் தொடர்ச்சியாக அடுக்கப்பட்டிருப்பதால் அதே டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட்டுக்கும் மேல் தரும். மென்பொருள் திறக்கும்போதோ டி.எல்.எல்., படவுருக்கள், எழுத்துருக்கள், செருகுநிரல்கள் என்று ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்குமிங்கும் தேட வேண்டியிருக்கிறது. 3000 துண்டுகள் என்று கொண்டால் 50 விநாடிக்கு மேல் தேடுதலிலேயே போய்விடும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகம் இல்லை; ஒரு துண்டை எடுக்க ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவே ஆகும். சி டிரைவில் எஸ்.எஸ்.டி.யில் இருந்த மென்பொருளைச் சுழலும் டிஸ்க்குக்கு மாற்றியதன் மூலம், அவர்கள் கணினியைத் தாமே பத்தாண்டு பின்னுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அரியாங்குப்பத்து மேசைக் கணினியின் முன்பக்கத் துளைகளோ யூ.எஸ்.பி. 2.0 வகை. அதன் ஏட்டு வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட் வரையே கிடைக்கும். மின்னோட்டத்திலும் குறைவு உண்டு. யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரையும், 3.0 துளை 900 வரையும் தருவதாக வரையறை. சுழலும் டிஸ்க் நிலையிலிருந்து எழுந்து சுற்றத் தொடங்கும் கணத்தில் 500ஐத் தாண்டிக் கேட்பது சாதாரணம். டிஸ்க் “டிக், டிக்” என்று ஒலித்துப் பின் மறைந்துவிடுகிறது என்று தம்பி சொன்னதை இது விளக்கியது. பின்பக்கத்தில் நீல நிறத் துளை, அதாவது யூ.எஸ்.பி. 3.0 வகை, ஒன்று தூசியோடு சும்மா இருந்தது. அதில் செருகியதும் அந்த ஒலி நின்றது.

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கான கோப்பு முறைமையிலும் ஒரு சிறு குறை இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் மேக் கணினியிலும் எழுத வேண்டும் என்பதற்காகத் தம்பி அந்த டிஸ்க்கை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்திருந்தார். அந்த அளவு டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபாட் இயல்பாக எடுத்துக்கொள்ளும் கட்டம், அதாவது ஒரு கோப்புக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம், 128 கிலோபைட்; விண்டோஸின் வழக்கமான முறையான என்.டி.எஃப்.எஸ். எடுப்பது 4 கிலோபைட். இரண்டு கிலோபைட் படவுருவும் 128 கிலோபைட் இடத்தை அடைத்துக்கொள்வதால், பெரிய மென்பொருள்களின் கோப்புறைகள் எக்ஸ்ஃபாட்டில் வீங்கிப் போயிருந்தன. அதைவிட முக்கியமானது, மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு எக்ஸ்ஃபாட்டில் இல்லை என்பது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றாலோ மின்சாரம் போனாலோ மீள்வது என்.டி.எஃப்.எஸ்.ஸில் எளிது. ‘தானே’, ‘ஃபெஞ்சல்’ என்று புயல் பார்த்த கரையில், மழைக்காலத்து மின்வெட்டைக் கணக்கில் எடுக்காமல் கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

கேபிள் கழன்றால் என்ன ஆகும்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து மென்பொருளை ஓட்டுவோர் பலரும் எண்ணிப் பார்க்காத இடம் இது. மென்பொருளைத் திறந்ததும் அது முழுவதும் நினைவகத்துக்கு ஏறிவிடுகிறது, பிறகு டிஸ்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவலாக உண்டு. விண்டோஸ் அப்படிச் செய்வதில்லை. இயக்கக் கோப்பை நினைவகத்தோடு பொருத்தி மட்டும் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் தேவையோ அதை அவ்வப்போது டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒருமணி நேரமாகத் தொடாத ஒரு மெனுவைத் திறக்கும் கணத்தில் டிஸ்க் இல்லையென்றால், அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை என்ற பிழையோடு மென்பொருள் முறிகிறது. சேமிக்காத வேலை அதோடு போகிறது.  விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 0xC0000006 என்ற எண்ணுடன் வரும் பக்கம் படிக்கும் பிழை அதுவே.

அண்ணனின் மடிக்கணினியில் இது நிகழ்ந்ததற்குக் கேபிள் கழல்வது மட்டும் காரணமில்லை. சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பினால் மென்பொருள் உறைந்திருக்கும் என்றார். மின்சாரத்தைச் சேமிக்க, பயன்படாத யூ.எஸ்.பி. கருவியை விண்டோஸ் உறங்கவைக்கும் வசதி ஒன்று உண்டு. மின் அமைப்புகளில் அதை அணைத்ததும் இந்தத் தொல்லை குறைந்தது. மிச்சத்துக்குக் காரணம் டிஸ்க்கின் பக்கம் இருந்த அகலமான மைக்ரோ-பி இணைப்பு. பையில் போட்டு எடுத்ததில் அது தளர்ந்திருந்தது; கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் அதன் உலோகம் நிறம் மாறியிருந்தது. புதிய கேபிள் போட்டும் ஆட்டம் முழுதாக நிற்கவில்லை. தேய்ந்தது டிஸ்க்கின் பக்கம் என்பதால் அதற்குக் கேபிள் மருந்தாகாது.

எழுத்துருவின் கதை

பூச்சி பூச்சியாகத் தெரிந்த எழுத்துகளுக்கும் டிஸ்க்குக்கும் தொடர்பில்லை. ஆனால் தமிழில் டிடிபி செய்வோருக்கு இதைவிடப் பெரிய தடை வேறில்லை. மென்பொருள் எங்கே இருந்தாலும், எழுத்துருக்களை விண்டோஸ் தன் எழுத்துருக் கோப்புறையிலிருந்தும், 2018 இறுதி முதல் வந்த பதிப்புகளில் பயனரின் ஆப்டேட்டாவிலிருந்தும் எடுக்கிறது. இரண்டும் சி டிரைவ். கடலூரில் நிறுவியிருந்த எழுத்துருக்கள் புதுச்சேரியில் இல்லை.

ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருவாக இருந்திருந்தால் வேறொரு தமிழ் எழுத்துரு வந்து நின்று, அழகு கெட்டாலும் படிக்கவாவது முடிந்திருக்கும். இவர்களது அழைப்பிதழ்களோ பாமினி முறையிலும், 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த டேம், டேப் குறியாக்கங்களிலும் அமைந்தவை. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். டேப் முறையில் மேல்பாதி இடங்கள் பயன்படுவதால், தலையில் புள்ளியும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும்; தம்பி கண்ட பூச்சிகள் அவையே. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அலுவலகங்கள் மாறின, அச்சகங்களும் டிடிபி மையங்களும் பெரும்பாலும் மாறவில்லை. காரணம் சோம்பல் மட்டுமன்று. 2001இல் வெளிவந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7இல் இன்றும் அழைப்பிதழ் செய்கிறார்கள், அது ஒருங்குறியை அறியாது. அழகான பழைய எழுத்துருக்கள் பலவற்றுக்கு ஒருங்குறி வடிவமும் வரவில்லை.

செய்த ஏற்பாடு

மென்பொருள்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். கணினியில் வேரூன்றுபவை, அதாவது ஆஃபீஸ், ஃபோட்டோஷாப் போன்றவை, இரு கடைகளிலும் அந்தந்தக் கணினியின் உள் எஸ்.எஸ்.டி.யிலேயே, அந்தந்தக் கணினிக்கு உரிய உரிமத்தோடு நிறுவப்பட்டன. கடலூர் மடிக்கணினியின் 128 ஜிகாபைட்டுக்குப் பதிலாகப் பெரியது பொருத்தப்பட்டது. இடப் பற்றாக்குறைக்கு நேரான மருந்து இதுதான். முதல் நாளே இதைச் செய்திருந்தால் மற்றவை பாதி குறைந்திருக்கும் என்பது என் கருத்து.

இடம்பெயர்ந்து ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை இரண்டாம் வகை. லிப்ரே ஆஃபீஸ், படம் திருத்தும் கிம்ப், படம் வரையும் இங்க்ஸ்கேப், பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் ஆகியவற்றுக்குப் போர்ட்டபிள் பதிப்புகள் உள்ளன. அவை தம் அமைப்புகளை ரெஜிஸ்ட்ரியில் விடாமல் தம் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்பவை. இவற்றை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்தோம். எந்தக் கணினியில் செருகினாலும் அதே கருவிப்பட்டை, அதே அமைப்பு. உலாவிக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம் என்று சொன்னேன். குரோம் சேமிக்கும் கடவுச்சொற்கள் அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்படுவதால், கோப்புறை வந்தாலும் கடவுச்சொல் வராது.

மூன்றாம் வகை, ஒரு கணினியில் மட்டும் பயன்படும் ஆனால் இடத்தை அடைக்கும் பெரிய கோப்புறைகள்: படவங்கிகள், மாதிரி வடிவமைப்புகள். சி டிரைவில் இருப்பதாக மென்பொருள் நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கும்படி விண்டோஸின் எம்.கே.லிங்க் கட்டளையால் ஜங்ஷன் எனும் கோப்புறை இணைப்பு ஒன்றை அமைத்தோம். டிஸ்க் செருகாதபோது அந்த இணைப்பு அந்தரத்தில் தொங்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

டிஸ்க்கும் மாறியது. சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. ஒன்று, என்.டி.எஃப்.எஸ். முறையில். இரு கணினிகளிலும் டிஸ்க் மேலாண்மைப் பகுதியில் அதற்கு டபிள்யூ என்ற எழுத்தை ஒதுக்கினோம். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவ்கள் ஈ, எஃப், ஜி என்று முன்வரிசை எழுத்துகளைப் பிடித்துக்கொள்ளும். கடைசி வரிசையில் உள்ள எழுத்துக்குப் போட்டியில்லை. இந்த ஒதுக்கீட்டை ஒவ்வொரு கணினியும் தன் ரெஜிஸ்ட்ரியில் நினைவில் வைப்பதால் ஒவ்வொன்றிலும் ஒருமுறை செய்தாக வேண்டும். விண்டோஸ் 10இன் 1809 என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து, டிஸ்க்கை உடனே பிடுங்கினாலும் பெரும்பாலும் இழப்பு நேராத விரைவு நீக்க முறையே இயல்பு அமைப்பாக இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டோம், இருந்தாலும் பாதுகாப்பாக நீக்கும் பொத்தானை அழுத்தும் பழக்கத்தை விடச் சொல்லவில்லை; ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு எந்த முறையும் காப்பு அன்று.

எழுத்துருக்களுக்குச் சுற்றுவழி ஏதும் தேடவில்லை. உரிமம் உள்ளவற்றை டிஸ்க்கில் ஒரு கோப்புறையில் தொகுத்து இரு கணினிகளிலும் நிறுவினோம்; புதிதாக ஒன்று வாங்கினால் முதலில் அந்தக் கோப்புறைக்கு வர வேண்டும் என்பது அண்ணன் போட்ட விதி. அச்சுக்குப் போகும் கோப்பு எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக மட்டுமே போகும். புதிய அழைப்பிதழ்களை ஒருங்குறியில், ஸ்கிரைபஸ் 1.6இல் தொடங்கலாம் என்றேன். தம்பி உடனே இசைந்தார். அண்ணனுக்குத் தன் பழைய எழுத்துருக்களின் மேல் உள்ள பற்று இன்னும் விடவில்லை.

மீதி இருப்பவை

இரண்டு விஷயங்கள் கவலைக்குரியவையாகவே நிற்கின்றன. ஒன்று வைரஸ். 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கும் வந்த மாற்றத்துக்குப் பின் பென்டிரைவைச் செருகியதும் தானாக எதுவும் ஓடுவதில்லை. கோப்புறையை மறைத்து அதே பெயரில் குறுக்குவழியை வைக்கும் வகை மட்டும் நம் கடைகளில் ஓய்ந்தபாடில்லை. அதற்குத் தானியங்கி தேவையில்லை, ஒரு சொடுக்கு போதும். இயக்கக் கோப்புகள் நிறைந்த டிஸ்க் அத்தகைய கணினியில் செருகப்பட்டால் தொற்று இரு ஊருக்கும் பயணமாகும். வாடிக்கையாளர் பென்டிரைவுக்கெனத் தனியாகப் பழைய கணினி ஒன்றைக் கடலூர்க் கடையில் ஒதுக்கியிருக்கிறார்கள். அரியாங்குப்பத்தில் அதற்கு இடமில்லை.

மற்றொன்று தொலைவது. அழைப்பிதழ் தொலைந்தால் மீண்டும் செய்யலாம்; மனு எழுத வந்தவர்களின் ஆதார் நகலும் சொத்துப் பத்திரமும் அதே டிஸ்க்கில் இருக்கின்றன. பேருந்தில் மறந்துவிட்டால் எடுத்தவர் திறந்து படிக்கலாம். விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்டுப் பூட்டுவதே முறை. விண்டோஸ் ஹோம் பதிப்பு பூட்டிய டிஸ்க்கைத் திறக்குமே தவிரப் பூட்டித் தராது. கடலூர் மடிக்கணினியில் இருப்பது ஹோம், அரியாங்குப்பத்தில் இருப்பது புரோ. ஆகவே பூட்டும் வேலை புதுச்சேரியில் நடக்க வேண்டும். கடவுச்சொல் மறந்தால் திறக்க உதவும் மீட்புச் சாவியை அச்சிட்டு இரு கடைகளிலும் தனித்தனியே வைக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய சுழலும் டிஸ்க் இப்போது மஞ்சக்குப்பத்தில் வாரம் ஒருமுறை வேலைக் கோப்புகளின் நகலை ஏற்கிறது. மென்பொருள் எதுவும் அதில் இல்லை, நகலெடுத்து முடிந்ததும் கேபிளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.